22 கல்படிகள், 90 இஞ்ச் வால்: குன்னூர் மணப்பெண் கவுன் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நீலகிரியில் தனியாகக் கடை வைத்து மணப்பெண் கவுன் தைக்கும் ஒருவரிடம் போய் "டிசைன் காட்டுங்கள்" என்றால், ஆல்பத்தை எடுப்பதற்கு முன்பே கேள்விகள் வரும். எந்த சர்ச்? வாசலுக்கு எத்தனை படி? நடுவழி எத்தனை அடி அகலம்? கல்யாணம் எந்த மாதம், காலையா மாலையா? பெண்ணுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். போனில் 40 படம் சேர்த்துக்கொண்டு வந்தவளிடம் படிக்கட்டைப் பற்றிக் கேட்டால் வேறெப்படி இருக்கும்? ஆனால் இங்கே ஒரு கவுனின் உருவம் இந்தக் கேள்விகளில்தான் பாதி முடிவாகிறது.

இந்த ஆய்வு ஓர் ஆர்டரை முதல் அளவிலிருந்து கடைசிச் சலவை வரை பின்தொடர்கிறது. மலை ஆர்டர்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே கவுனில் வைத்துக் காட்டியிருப்பதால் பெயர்கள் கிடையாது. பெண்ணுக்குச் சொந்த ஊர் குன்னூர், வேலை பெங்களூரில். கல்யாணம் ஜனவரி கடைசி வாரம். ஆர்டர் வந்தது அக்டோபர் முதல் வாரம். கையில் 16 வாரம்.

16 வாரம் தாராளம் என்று சமவெளிக்காரர் சொல்லக்கூடும். மலைக் கணக்கு வேறு. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் பெரும்பாலும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதனால் ஜனவரியிலும், ஈஸ்டர் கழிந்த கையோடு ஏப்ரல், மே மாதங்களிலும் ஆர்டர்கள் மொத்தமாக வந்து குவியும். ஜனவரி கவுனைத் தைக்கும் காலமோ வடகிழக்குப் பருவமழைக் காலம். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோவையிலிருந்து வரவேண்டிய துணி வழியில் நிற்கும், அல்லது கோத்தகிரி வழியாகச் சுற்றி வரும். இந்த ஆர்டரில் பெரிய துணிகள் எல்லாம் அக்டோபர் 15-க்குள் கடைக்குள் இருக்கவேண்டும் என்று முதல் நாளே எழுதிவைத்ததற்குக் காரணம் இதுதான்.

பேச்சிலிருந்து உருவத்துக்கு

பெண் கேட்டது பால் கவுன். கீழ்ச்சுற்று 200 இஞ்ச் வரும் பெரிய குடை. கூடவே பின்னால் இழுபடும் வால். சேர்த்து வைத்த படங்களில் மூன்றை மட்டும் விட்டு மற்றதை அழிக்கச் சொன்னார் வடிவமைப்பாளர். இது நல்ல வழக்கம். 40 படத்தில் பெண்ணின் விருப்பம் தெரியாது. எதை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை என்பதில்தான் தெரியும். மிஞ்சிய மூன்றிலும் பொதுவாக இருந்தவை இரண்டே: முழுக்கை லேஸ், முதுகில் வரிசையாகப் பொத்தான். குடை ஒரு படத்தில்தான் இருந்தது.

அடுத்து சர்ச்சுக்கு டேப்போடு போய்ப் பார்த்தார்கள். நடுவழி 60 இஞ்ச். பெண்ணைக் கைபிடித்து வரும் அப்பாவுக்கு 20 இஞ்ச் வேண்டும். மிச்சம் 40. சுற்றளவு 200 இஞ்ச் என்றால் விட்டம் ஏறக்குறைய 64, அதாவது அப்பா இல்லாமல் தனியாக வந்தால்கூட பெஞ்சில் உரசும். 138 இஞ்ச் சுற்றளவு வைத்தால் விட்டம் 44. மென்மையான துணி என்பதால் நான்கு இஞ்ச் அமுங்கிக்கொடுக்கும். ஏ-லைன் (இடுப்பிலிருந்து சரிந்து மெல்ல விரியும் உருவம்) என்று முடிவானது அந்த இடத்திலேயே, பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது.

வால்தான் தகராறு. வாசலிலிருந்து சாலை வரை 22 கல்படிகள். படியின் அகலம் 12 இஞ்ச், உயரம் 6. தரையில் 48 இஞ்ச் கிடக்கும் வால் படியில் இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் 18 இஞ்ச் துணியைத் தின்னும், ஆக இரண்டரைப் படிக்கு மேல் பரவிக் கிடக்கும். பெண் இறங்கும் ஒவ்வொரு படிக்கும் துணி கல்விளிம்பில் உராயும். பின்னால் வருபவர் மிதிப்பார்.

"ஏம்மா, இந்த வால் இவ்ளோ நீளம் எதுக்கு? வாசல்ல பூரா செம்மண்ணு" என்றார் பெண்ணின் அம்மா.

"வால் இருக்கட்டும் ஆன்ட்டி. படியில இறங்கவேண்டியது பொண்ணுதான், வால் இல்ல."

வடிவமைப்பாளரின் பதில் விளையாட்டாகத் தோன்றினாலும் முடிவு அதில்தான் இருந்தது. பொதுவாக இதற்குச் செய்வது, வாலைத் தூக்கி முதுகுப்பக்கம் பொத்தானில் மாட்டிவிடுவது. காடாத் துணியில் ஒரு போலி வால் வெட்டி, அதே படியில் மாட்டி இறக்கிப் பார்த்தார்கள். ஒரே பொத்தானில் மொத்த எடையும் தொங்கியதால் மாட்டிய இடம் குழிவிழுந்து சுருங்கியது. ஒழுங்காக நிற்க ஐந்து இடத்தில் மாட்டவேண்டும். குளிரில், கை நடுங்க, தோழி ஒருத்தி குனிந்து ஐந்து வளையம் தேடுவதற்குள் புகைப்படக்காரர் பொறுமை இழந்துவிடுவார். அதனால் வாலைத் தனியாகக் கழற்றும்படி வைத்தார்கள். படியேறிய பிறகு முகப்பு மண்டபத்தில் மாட்டுவது, ஆராதனை முடிந்து இறங்குவதற்கு முன் கழற்றுவது. இடுப்பிலிருந்து 90 இஞ்ச் நீளம், முழுக்க நெட், ஓரத்தில் லேஸ். கவுனின் சாட்டினில் வால் ஒட்டவே இல்லை. இந்தக் கவுனில் கற்பனை என்று எதையாவது சொல்லவேண்டுமென்றால் இதைச் சொல்லலாம். அது வந்தது படிக்கட்டிலிருந்து.

ஒரு பழைய கணக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. விக்டோரியா அரசி வெள்ளை சாட்டின் உடுத்தி மணம் முடித்தது 1840-ல். வெள்ளை கவுன் வழக்கம் பரவியது அதற்குப் பிறகு. ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் 1831-லேயே ஆராதனைக்குத் திறந்துவிட்டது. மலையில் சர்ச் முந்தி, கவுன் பிந்தி. நடுவழியின் அகலத்தை கவுன்தான் அனுசரித்துப் போகவேண்டும்.

வெள்ளையில் எந்த வெள்ளை

கோவை ஒப்பணக்கார வீதியிலும் ராஜ வீதியிலும் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா வெள்ளையும் ஒன்றுதான். மலையில் அப்படி இல்லை. பளீர் வெள்ளைத் துணியில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கும். அது புற ஊதாக் கதிரை வாங்கி நீலம் கலந்த ஒளியாகத் திருப்பிக்கொடுக்கும். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடுவதால், குன்னூரின் 1,850 மீட்டரில் அந்த நீலம் இன்னும் தூக்கலாகத் தெரியும். பனிமூட்டம் வேறு சேர்ந்துவிட்டால் முகம் வெளிறிப்போகும். வரவேற்பு மண்டபத்தில் ஊதா விளக்கு போட்டால் கேட்கவே வேண்டாம், கவுன் மட்டும் ஒளிரும், பக்கத்தில் லேஸ் மஞ்சளாக நிற்கும்.

ஆகவே நான்கு வெள்ளைத் துண்டுகளைச் சர்ச் கதவில் குத்தி, காலை 10 மணிக்கு ஒருமுறையும், மண்டப விளக்கில் ஒருமுறையும் பார்த்தார்கள். தேர்வானது பால் வெள்ளை, தந்த நிறத்துக்கு அரைப்படி முன்னால். முதலில் தபாலில் வரவழைத்த லேஸ் நீலச் சாயலில் வந்ததால் திருப்பி அனுப்பவேண்டியதாயிற்று. அதில் ஒன்பது நாள் போனது. லேஸும் சாட்டினும் நெட்டும் ஒரே மேசையில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்கும்வரை எதற்கும் பணம் கட்டாமல் இருப்பது நல்லது.

வாங்கிய அளவு இது. கனமான சாட்டின், 58 இஞ்ச் அகலம், 6.5 மீட்டர். சாஃப்ட் நெட் 16 மீட்டர், அதில் 15 வாலுக்கு (மூன்று அடுக்கு, அடுக்குக்கு இரண்டு அகலம்), 1 கைக்கும் கழுத்துக்கும். கயிறு ஓட்டிய லேஸ் 2 மீட்டர், வெட்டி ஒட்டுவதற்கு. விஸ்கோஸ் லைனிங் 5 மீட்டர். கேன்கேன் (பாவாடையை விரித்து நிறுத்தும் விறைப்பான நெட்) 5 மீட்டர். பாடிஸுக்கு (கவுனின் இடுப்புக்கு மேற்பகுதி) உள்ளே வைக்கும் கேம்ப்ரிக் காட்டன் 2 மீட்டர். கீழ்ச்சுற்றுக்குள் வைக்கும் மூன்று இஞ்ச் ஹார்ஸ்ஹேர் பட்டை 4 மீட்டர் (பெயர்தான் குதிரைமுடி, இப்போது எல்லாம் நைலான்). ஸ்டீல் ஸ்பைரல் போன் (பாடிஸை நிமிர்த்தி வைக்க உள்ளே செருகும் கம்பிப் பட்டை) 3 மீட்டர். துணி மூடிய பொத்தான் 24.

சாட்டின் 6.5 மீட்டர் ஏன் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பாவாடைக்கு ஏழு கலி (மேலே குறுகிக் கீழே விரியும் துண்டு). ஒவ்வொன்றும் மேலே 4 இஞ்ச், கீழே ஏறக்குறைய 20, தையலுக்குப் பக்கத்துக்கு ஒரு இஞ்ச். தலைகீழாக ஒன்றையொன்று கோத்துப் போட்டு வெட்டினால் ஓர் அகலத்தில் நான்கு கலி வந்துவிடும், 2.35 மீட்டர் போதும். ஆனால் சாட்டினுக்குப் பளபளப்பின் திசை உண்டு. மேலிருந்து பார்த்தால் ஒரு நிறம், கீழிருந்து பார்த்தால் வேறு நிறம். திருப்பி வெட்டிய கலி வெட்டும்போது தெரியாது, தைக்கும்போதும் தெரியாது. பலிபீடத்தின் முன் விளக்கு பட்டதும் ஒரு கலி விட்டு ஒரு கலி கறுத்துத் தெரியும். எல்லாக் கலியும் ஒரே திசையில் என்றால் ஓர் அகலத்துக்கு இரண்டுதான், 4.7 மீட்டர் ஆகும். பாடிஸுக்கும் இடுப்புப் பட்டைக்கும் 1.2 மீட்டர். மீதி 60 சென்டிமீட்டர் கையிருப்பு. ஒரே ரோலில், ஒரே சாயத் தொகுதியில் வெட்டி வாங்கிய கையிருப்பு. பின்னால் அதுதான் கவுனைக் காப்பாற்றியது.

உடம்பும் எடையும்

கவுன் தோளில் தொங்குகிறது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். உண்மையில் அது இடுப்பில் உட்காருகிறது. மூன்று கிலோவுக்கு மேல் வரும் பாவாடையை நெட் போட்ட தோள் தாங்காது. பாடிஸுக்குள்ளே, இடுப்புக் கோட்டில், ஒரு இஞ்ச் அகலத்தில் குரோஸ்கிரைன் என்ற விறைப்பான நாடாப் பட்டை ஓடும். நீளம் பெண்ணின் இடுப்பளவைவிட ஒரு இஞ்ச் குறைவு. பக்கத் தையல்களில் மட்டும் பிடித்திருக்கும், பின்னால் கொக்கி. ஜிப்பை இழுப்பதற்கு முன் முதலில் மாட்டவேண்டியது இதைத்தான். இதை மாட்டாமல் ஜிப் போட்டால், பாடிஸ் கீழே கீழே இறங்கும், பெண் கல்யாணம் முழுக்க இரண்டு கையாலும் மார்புப் பக்கத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டே இருப்பாள். வாலின் ஏழு கொக்கிகளும் சாட்டினில் மாட்டாமல், ஒரு இஞ்ச் பிளவுகள் வழியாக நேரே இந்தப் பட்டையில்தான் மாட்டுகின்றன. மேலே ஒன்றரை இஞ்ச் சாட்டின் பெல்ட் கட்டினால் எல்லாம் மறைந்துவிடும்.

போன் 12 துண்டு. பிளாஸ்டிக் போன் மலிவு, நேராகத் தைத்துவிடலாம், ஆனால் உடம்புச் சூட்டில் வளைந்த வடிவிலேயே நின்றுவிடும். ஸ்டீல் ஸ்பைரல் இரண்டு பக்கமும் வளைந்து கொடுக்கும். மலையில் அதற்கு ஒரு வியாதி உண்டு: வெட்டிய முனையில் பூச்சு இல்லாததால் ஈரத்தில் துருப்பிடிக்கும், துரு சாட்டினில் பழுப்புப் புள்ளியாக வெளிவரும். ஒவ்வொரு முனைக்கும் மூடி போடவேண்டும். தையல் கோட்டுக்கு முக்கால் விரற்கடை முன்னாலேயே போன் முடியவேண்டும், இல்லையென்றால் குத்தும்.

அளவு எடுத்தது, கல்யாணத்தன்று போடப்போகும் செருப்போடு. இரண்டு இஞ்ச் கட்டைக் குதிகால், கல்படியின் இடுக்கில் சிக்காதது. உள்ளே போடும் தெர்மல் லெக்கிங்ஸையும் போட்டுத்தான் அளந்தார்கள். லைனிங் விஸ்கோஸ் ஆனதற்கும் அந்த லெக்கிங்ஸ்தான் காரணம். காட்டன் லைனிங் கம்பளியோடு உராய்ந்து மேலேறும். பாலியெஸ்டர் போட்டால், ஜனவரி மதிய வறட்சியில் மின்னேற்றம் பிடித்து நெட்டும் லைனிங்கும் காலைச் சுற்றிக்கொள்ளும்.

நவம்பரில் நடந்த பிழை

பாடிஸின் ஏழு துண்டுகளுக்கும் சாட்டினுக்குப் பின்னால் கேம்ப்ரிக் வைத்து, கை ஓட்டுத் தையலால் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து, பிறகு ஒரே துணிபோல் தைப்பதுதான் முறை. சாட்டினுக்கு உடம்பு கொடுப்பது இந்த உள்துணி. காட்டன் என்பதால் முதலில் இரண்டுமுறை நனைத்து, காயவைத்து, தேய்த்துத்தான் வெட்டவேண்டும். இந்த ஆர்டருக்கான கேம்ப்ரிக் நனைத்துத்தான் வைக்கப்பட்டது. மழை விடவில்லை. மூன்றாம் நாளும் துணி சில்லென்றே இருந்தது. உதவியாளர் அலமாரியில் இருந்த புதுத் துணியை எடுத்து வெட்டிவிட்டார். பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான்.

ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. மிஷினில் தைத்து முடித்து, தையல்களை ஆவி அயர்னில் விரித்துத் தேய்த்தபோது, மார்புக்குக் கீழே சாட்டின் மெல்ல எழும்பியது. சூடான தோசைக்கல்லில் மாவு கொப்புளிப்பது மாதிரி, இரண்டு பக்கமும். முதலில் சந்தேகம் நூல் இழுவிசை மேல் போனது. அது இல்லை. இழுவிசைக் கோளாறு தையல் கோட்டை ஒட்டிச் சுருங்கும், துண்டின் நடுவில் எழும்பாது. திருப்பிப் போட்டு, காட்டனை மட்டும் பேப்பர் பேட்டர்ன் மேல் வைத்து அளந்ததும் விடை கிடைத்தது. 15.5 இஞ்ச் இருக்கவேண்டிய துண்டு, அரை இஞ்சுக்கும் சற்று மேலாகக் குறைந்திருந்தது. கிட்டத்தட்ட நூற்றுக்கு நான்கு. பாலியெஸ்டர் சாட்டின் சுருங்காது. உபரித் துணிக்குப் போக வேறு இடமில்லாததால் மேலே எழும்பியது.

இந்த இடத்தில் அவசரப்படுபவர் செய்யும் தப்பு இரண்டு. இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள், சாட்டினில் பளபளத் தடம் விழும். அல்லது உள்துணியை அங்கங்கே வெட்டி விடுவார்கள், கொப்புளம் போகும், கூடவே பாடிஸின் பிடிமானமும் போகும். சரியான வழி ஒன்றுதான்: பிரிப்பது. ஆனால் சாட்டினில் ஊசித்துளை மறையாது. பிரித்த பிறகு தையலைப் பழைய கோட்டுக்கு வெளியே விட முடியாது, துளை வரிசை வெளியே தெரியும். உள்ளே தள்ளித்தான் தைக்கமுடியும். அதாவது கவுன் சிறிதாகும். குண்டூசியைக்கூடத் தையலுக்கு விட்ட ஓரத்தில் மட்டும் குத்தச் சொல்வது இந்த அச்சத்தில்தான்.

அதிர்ஷ்டம் பெண்ணின் பக்கம் இருந்தது. டிசம்பர் முதல் வார ட்ரயலில் இடுப்பு 28-லிருந்து 27 ஆகியிருந்தது. (கல்யாணப் பெண்கள் கடைசி இரண்டு மாதத்தில் இளைப்பது வாடிக்கை. அதனால்தான் முதல் அளவை மட்டும் நம்பி லேஸ் ஒட்டுவதில்லை.) ஐந்து துண்டுகள் அப்படியே பயன்பட்டன. முன்பக்கத்தின் இரண்டு துண்டில் மட்டும் அயர்ன் தடம் விழுந்திருந்தது. அவை கையிருப்பு 60 சென்டிமீட்டரிலிருந்து புதிதாக வெட்டப்பட்டன. உள்துணி ஏழும் புதிது. மொத்தம் 11 மணி நேர வேலை.

கையிருப்பு வைப்பதை வீண்செலவு என்று நினைப்பவருக்கு 1953-ன் கதை ஒன்று போதும். ஜாக்குலினுக்கும் ஜான் கென்னடிக்கும் நடந்த திருமணத்துக்கு கவுன் தைத்தவர் ஆன் லோவ் என்ற கறுப்பினப் பெண். கல்யாணத்துக்கு 10 நாள் இருக்கும்போது அவருடைய நியூயார்க் தையற்கூடத்தில் குழாய் உடைந்து, மணப்பெண் கவுனும் தோழிகளின் உடைகளும் நனைந்து பாழாயின. துணி வாங்கி, மறுபடி வெட்டி, தைத்து, நஷ்டத்தைத் தானே ஏற்று, நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மற்றபடி மழைக்காலத்தில் கடைக்குள் செய்யவேண்டியது எளிது. வெட்டிய துண்டுகளை மடித்து அடுக்காமல் தொங்கவிடுவது, பீரோவின் அடித்தட்டில் குண்டு பல்பு ஒன்றைத் துணி படாமல் எரியவிடுவது, லேஸ் பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டு வாரம் ஒருமுறை மாற்றுவது. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு அழைப்பிதழ் வேண்டியதில்லை.

தோடர் பூவேலை கேட்டபோது

நடுவில் பெண்ணுக்கு ஓர் ஆசை வந்தது: "அக்கா, நம்ம ஊர்க் கல்யாணம்னு தெரியணும். கவுன் ஓரத்துல தோடா எம்ப்ராய்டரி வைக்கலாமா?"

ஆசை நியாயமானது, சாட்டினில் நடக்காது. தோடர் பெண்களின் பூவேலை, சட்டமோ வரைந்த கோடோ இல்லாமல், இழைகளை எண்ணி எண்ணிப் போடுவது. இழை கண்ணுக்குத் தெரியும் தடித்த வெள்ளைப் பருத்தித் துணி வேண்டும். சாட்டினில் எண்ண இழையே தெரியாது. மிஷினில் அச்சாக அடித்துக்கொடுக்க ஆள் உண்டு. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலையை அப்படிப் போலி செய்வதில் அர்த்தமில்லை. பழைய பூத்துக்குளிச் சால்வை ஒன்றை வாங்கி வெட்டிக்கொள்ளலாமே என்றும் பேச்சு வந்தது. அந்தச் சால்வை அவர்களுக்குச் சடங்குகளில் உடுத்துவது, சாவுக்கும் உரியது. அதில் கத்தரி வைக்கக்கூடாது என்று வடிவமைப்பாளர் மறுத்தது சரி.

வந்த தீர்வு குளிரிலிருந்து வந்தது. ஜனவரிக் காலையில் குன்னூர் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். நெட் கைக்கு அது தாங்காது. எப்படியும் தோளுக்கு ஒரு போர்வை வேண்டும். அதையே சிறு கேப்பாக வைத்து, அதன் ஓரத்துக்கு ஐந்து இஞ்ச் அகலப் பட்டையில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை. ஊட்டிப் பக்கத்து மந்து (தோடர் குடியிருப்பு) ஒன்றில் வேலை செய்யும் பெண்ணிடம் நேரில் கொடுத்து, அவர் சொன்ன கூலிக்கு, எட்டு வாரம் ஒதுக்கி. எந்த உரு என்பதையும் அவரிடமே விட்டார்கள்.

கறுப்பைப் பார்த்துப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். கேப் சர்ச்சுக்கு வெளியேதான் என்றதும் அடங்கினார்கள். தொழில்முறையில் கவனித்தவை இரண்டு. சிவப்பு நூல் சாயம் விடுகிறதா என்று ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்துத் தேய்த்துப் பார்த்ததில், இலேசாக இளஞ்சிவப்பு இறங்கியது. ஆகவே கேப்புக்கு முழு லைனிங், கவுனோடு எந்தத் தையலும் கிடையாது, தூறல் விழுந்தால் போடுவதும் கிடையாது. அடுத்து, பட்டையைத் தோள் வளைவுக்கு வெட்டவேண்டிய இடத்தில், வெட்டுமுன் கோட்டின் இருபுறமும் மிஷின் தையல் ஒன்று ஓட்டப்பட்டது. இல்லாவிட்டால் கம்பளி நூல் முடிச்சில்லாமல் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும்.

கடைசி மூன்று வாரம்

லேஸ் ஒட்டுவதைப்போல நேரம் தின்னும் வேலை வேறில்லை. பூக்களைத் தனித்தனியாக வெட்டி, பெண்ணின் உடம்பில் கவுன் இருக்கும்போதே கழுத்திலும் கையிலும் இடம் குறித்து, பிறகு ஒற்றை நூலில் கைத்தையல். மிஷினில் ஒட்டினால் நெட் இழுபடும், லேஸின் கயிறு நசுங்கும். பாடிஸின் பக்கத் தையல்மேல் விழும் பூக்களை மட்டும் கடைசி ட்ரயல் முடியும்வரை தைக்காமல் விட்டார்கள். முதுகுப் பொத்தான் 24-ம் அழகுக்கு. உள்ளே மறைவு ஜிப்தான் வேலை செய்கிறது. நிஜமாகவே பொத்தானால் மூடும் கவுன் போட அரைமணி ஆகும், கழற்றக் கால்மணி ஆகும். படத்தில் வித்தியாசம் தெரியாது.

கீழ் ஓரத்தை மடிப்பதற்குமுன் பாவாடை இரண்டு நாள் தொங்கியது. கலியின் சாய்ந்த ஓரங்கள் தன் எடையில் இறங்கும், அதற்குப் பிறகு அளந்தால்தான் ஓரம் சமமாக நிற்கும். இந்தக் கவுனில் பக்கவாட்டில் கால் இஞ்ச் இறங்கியிருந்தது. செருப்போடு தரையிலிருந்து முக்கால் இஞ்ச் உயரத்தில் ஓரம் முடிந்தது. உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், நான்கு இஞ்ச் காட்டன் ஃபிரில் ஒன்று பெரிய கைத்தையலால் பிடிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நீளப் பாவாடைகளில் இருந்த உத்தி இது. சேறு முதலில் படுவது ஃபிரிலில். நூலை உருவினால் ஃபிரில் தனியாக வந்துவிடும்.

நேரக் கணக்கு: பேட்டர்ன் 10 மணி, காடா மாதிரி இரண்டு சுற்று 12, வெட்டு 7, பாடிஸ் 26, பாவாடையும் லைனிங்கும் 18, வால் 14, லேஸ் கைவேலை 38, பொத்தானும் கொக்கிகளும் 6, ட்ரயல்கள் 7, தேய்ப்பும் கட்டும் 4. ஆக 142. பிழைக்கு 11 சேர்த்தால் 153. தனியாள், ஓர் உதவியாளர், ஒரு மிஷின் என்ற அளவில் ஜனவரிக்கு மூன்று கவுனுக்கு மேல் ஒப்புக்கொள்வது தற்கொலை. மிச்ச மாதங்களில் கடை வாடகையைக் கொடுப்பது பிளவுஸும், பள்ளிக்கூட யூனிஃபார்மும், பெரிய சட்டையைச் சின்னதாக்கும் வேலையும்தான். புதுக் கழுத்து, புதுக் கை என்று துண்டுத் துணியில் பரிசோதிப்பதற்கு வாய்ப்பது தவக்காலத்தின் நாற்பது நாள். இந்தக் கவுனின் கைமுட்டி வளைவு முந்திய தவக்காலத்தில் காடாத் துணியில் தைத்துப் பார்த்து, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததுதான்.

கட்டிக் கொடுத்தது நனைத்துக் காயவைத்த காடாப் பையில். பிளாஸ்டிக் உறைக்கு மாவட்டத்தில் தடை என்பது ஒருபுறம். உறைக்குள் ஈரம் அடைபட்டால் பூஞ்சை என்பது அதைவிடப் பெரிய காரணம். ஹேங்கரில் தொங்கியது இடுப்பு வளையங்களால், நெட் தோளால் அல்ல.

கல்யாணம் முடிந்து நான்காம் நாள் கவுன் கடைக்குத் திரும்பியது. ஃபிரிலில் இரண்டு இஞ்ச் உயரத்துக்குச் செம்மண், சாட்டின் ஓரத்தில் மூன்றே புள்ளி. மண்ணை ஈரமாக இருக்கும்போது தேய்க்காமல், நன்றாகக் காய்ந்ததும் மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுத்தார்கள். செம்மண்ணைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத கறை. கேக் ஐசிங்கும் வெள்ளைக் குளிர்பானமும் சிந்திய இடம் காய்ந்தபின் மறைந்துவிடும். சர்க்கரை அங்கேயே இருந்து மாதங்கள் கழித்துப் பழுப்பாக வெளிவரும். அதனால் சாய்வாக டார்ச் அடித்து, முன்பக்க மடிப்பு முழுக்கப் பார்த்தார்கள். இடது தொடைப் பக்கம் ஒரு ரூபாய் அளவில் ஒன்று இருந்தது.

வாடிக்கையாளரின் பேப்பர் பேட்டர்ன், மிஞ்சிய சாட்டின் துண்டு, லேஸின் இரண்டு பூ ஆகியவை பெயர் எழுதிய உறையில் அலமாரிக்குப் போயின. கடையின் ஆர்டர் சீட்டில் அளவுகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி அச்சாகியிருக்கிறது: "உள்துணி நனைத்த தேதி ........ காய்ந்த தேதி ........". கேம்ப்ரிக் மொத்தத்தையும் இனி நனைப்பது மழை தொடங்குமுன், செப்டம்பரில். நனைத்த துணியின் ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு பெருக்கல் குறி.